ஒரு தடவைக்கு ஒன்று



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். எப்போதும் கலகலப்பாக இருக்கும் வீடு அன்று ஓசையற்றுக் கிடந்தது. தந்தை திண்ணையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தார். மூத்த மகள் உள் அறையில் கண் கலங்கியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகனைக் காணவில்லை. மூன்று நாளாக அவன் சித்தப்பா வீட்டில் படுத்துக்கொள்கிறான் என்றார் தாய்.

நடந்தது இதுதான். மகளுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. மடிக்கணினி வழியாகவே தேர்வு. அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைஃபை தொடர்பு நான்கு முறை அறுந்தது. நல்லவேளையாக, வெள்ளிக்கிழமை மறுவாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் தந்தையின் சினம் மகன்மேல் பாய்ந்தது. "ராவும் பகலும் செல்போன்ல விளையாடுறான் சாமி. நெட்டு முழுக்க இவனே இழுத்துக்கிறான்" என்று சொல்லி, வளர்ந்த பிள்ளை என்றும் பாராமல் கை ஓங்கிவிட்டார். அவனும் வீட்டை விட்டு இறங்கிவிட்டான்.

அவன் வீட்டில் இல்லாத மூன்று நாளும் தொடர்பு அறுந்துகொண்டேதான் இருந்தது! உடனே பழி சுவரின்மேல் விழுந்தது. உள் அறையின் சுவர் தடிப்பானது என்று கருதி, அலையைத் தொலைவுக்குக் கடத்தும் கருவி ஒன்றை விலை கொடுத்து வாங்கினார்கள். அதனாலும் பயனில்லை.

நான் அன்பரிடம், "சூளையிலிருந்து எடுக்கும் சாமானில் விரிசல் கண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சட்டென்று விடை சொன்னார்: "பிசகு எங்கேன்னு பாக்கணும் சாமி. மண்ணுலயா, காயவச்சதுலயா, சுட்டதுலயா? மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டா எதுல பிசகுன்னே தெரியாது. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும்." காயும்போது விழுந்த மெல்லிய கீறல் பல வேளைகளில் வெந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும் என்றும், அதை அறியாதவர்கள் சூளை போட்டவனைத் திட்டுவார்கள் என்றும் அவரே சொன்னார்.

"அதே முறையில் இதையும் பார்ப்போம்" என்றேன்.

முதலாவதாக, தாயின் செல்போனை அதே வைஃபையில் இணைத்து, அதே உள் அறையில், மகள் அமரும் அதே இடத்தில் வைத்து ஒரு படத்தை ஓடவிட்டோம். அரை மணி நேரம் தடையின்றி ஓடியது. ஆக, வெளியிலிருந்து வரும் இணைப்பிலும் ரவுட்டரிலும் பழுதில்லை. சுவரும் அலையை மறிக்கவில்லை. பழுது மடிக்கணினியில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, மடிக்கணினியைக் கூடத்திற்குக் கொண்டுவந்தோம். தொடர்பு அறவில்லை. "பாத்தீங்களா, சுவருதான்!" என்றார் அன்பர். பொறுங்கள் என்று கணினியைச் சுட்டிக்காட்டினேன். கூடத்தில் அது சார்ஜரில் இணைந்திருந்தது. உள் அறையிலோ மின் பிளக் கிடையாது. அங்கே பேட்டரியில்தான் ஓடும். இடமும் மாறியிருந்தது, மின்சாரமும் மாறியிருந்தது. ஒரு தடவைக்கு ஒன்றல்ல, இரண்டு!

ஆகவே மூன்றாவதாக, எக்ஸ்டென்ஷன் வயரை உள் அறைக்கு இழுத்துச் சார்ஜரை இணைத்தோம். தொடர்பு நின்று நிலைத்தது. சார்ஜரைப் பிடுங்கினோம், சற்று நேரத்தில் அறுந்தது.

உண்மை வெளிப்பட்டது. பேட்டரி நெடுநேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக, மடிக்கணினி தன்னுள் இருக்கும் சிறு வைஃபை கருவியை அவ்வப்போது உறங்க வைக்கிறது. விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் வைஃபை கருவியைத் தெரிந்துகொண்டு, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள அனுமதிக் குறியை நீக்கினோம். அவ்வளவுதான். சில புதிய கணினிகளில் இப்பக்கம் காணப்படாது. அவற்றில் பேட்டரி சேவரை நிறுத்திப் பார்க்கலாம், அல்லது முக்கியமான வேளையில் சார்ஜரை இணைத்துக்கொள்ளலாம்.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவாகவே இராது. கம்பியில்லா அலைகள் சுவரைக் கடக்கும் என்பதை, 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆயினும் இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் கான்கிரீட்டும் அலையை வெகுவாக மறிக்கும். ஆகவே ரவுட்டரைத் தரையிலோ பீரோவின் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள்.

வைஃபையின் பழைய பாதை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள். 2005இல் நம் அரசு இதனை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ஊர்ப் பொதுக்கிணறு போல எல்லாரும் இதில்தான் இறங்குகிறார்கள்: அண்டை வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு. நெரிசல் மிகுந்தால் ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பாதையும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. அதில் நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றலும் குறைவு. ரவுட்டர் இருக்கும் அறைக்கு அது ஏற்றது. செல்போனும் கணினியும் சேர்ந்தே நின்றுபோனால், கணினியை ரவுட்டருடன் கேபிளால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் பழுது வெளி இணைப்பிலோ ரவுட்டரிலோ இருக்கலாம். கணினி மட்டும் முரண்டு பிடித்தால், சேமித்த இணைப்பை அழித்துக் கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள். எதைச் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் சோதித்துப் பாருங்கள்.

அன்றிரவே அன்பர் தம் தம்பி வீட்டிற்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் தந்தையும் மகனும் ஒரே வண்டியில் கடைத்தெருவில் போவதைக் கண்டேன். வெள்ளிக்கிழமைத் தேர்வு தடையின்றி நடந்தது. அந்த வேலை மகளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொன்று கிடைத்தது.

அன்பர்களே, கருவி பழுதானால் சில மணி நேரத்தில் சீர்செய்துவிடலாம். சோதித்துப் பாராமல் பிள்ளைமேல் சுமத்திய பழியோ அவன் உள்ளத்தில் நெடுநாள் கிடக்கும். மண்ணுக்குக் காட்டும் பொறுமையை மகனுக்கும் காட்டுவோம். குற்றவாளியைத் தேடுமுன் குற்றம் எங்கே என்று தேடுவோம்.