செங்கோட்டை மலைப்பாதை பொம்மை ரயில் ஆகலைன்னு எனக்கு வருத்தமே இல்லை

குற்றால சீசன் வந்தாச்சு. சாரலோட சேர்ந்து வருஷா வருஷம் ஒரு போஸ்ட்டும் வந்துடும். பதிமூணு கண் பாலத்துல மீட்டர் கேஜ் ரயில் போற பழைய போட்டோ, கீழே "ஊட்டி ரயில் மாதிரி இதையும் நீராவியிலேயே வச்சிருக்கலாம், அழிச்சுட்டாங்களே"ன்னு ஒரு புலம்பல். இந்த வாரம் மட்டும் எனக்கு நாலு பேர் ஃபார்வர்டு பண்ணிட்டாங்க. அதனால இந்த நீளமான த்ரெட்.

முதல்ல ஒரு விஷயம். அந்தப் பாதையில் கடைசி வருஷங்களில் ஓடினது டீசல் இன்ஜின். நீங்க தேடுற புகை எப்பவோ போயிடுச்சு.

ஊட்டி ரயில் எனக்கும் பிடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னால் நின்னு பெட்டிகளைத் தள்ளிக்கிட்டே ஏறும். கல்லாறு தாண்டினதும் பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏத்தம். தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல் சட்டத்தை இன்ஜினோட பற்சக்கரம் கவ்விக்கிட்டுப் போகும். ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார், மழையோ பனியோ. 46 கிலோமீட்டர் போக கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை போட்ட பாதை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாங்க. சேர்க்க வேண்டியதுதான்.

(வீசிங் உள்ளவங்க இன்ஜினை ஒட்டின பெட்டியில் உக்காராதீங்க. ஏறும்போது அது கடைசிப் பெட்டி. குகைக்குள்ள புகை முழுக்க அங்கதான் வரும். இன்ஹேலர் கைப்பையில் இருக்கணும், மேலே வச்ச சூட்கேஸில் இல்ல.)

ஆனா அந்த ரயிலை அப்படியே வச்சிருக்க முடிஞ்சதுக்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. அந்த ஏத்தத்தில் பல் சட்டம் இல்லாம சாதாரண ரயில் ஏறவே ஏறாது. மலைக்குப் போற வர்ற கூட்டத்தை ரோடு சுமக்குது.

"வெளிநாட்டுல எல்லாம் காப்பாத்துறாங்களே டாக்டர்?" காப்பாத்துறாங்க. எதை? வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்தான் ஆர்வலர்கள் சேர்ந்து காப்பாத்தின முதல் ரயில் பாதை. 1951-ல் கையில் எடுத்தாங்க. அது கற்பலகைக் குவாரிக்காகப் போட்ட குறுகிய பாதை. குவாரி 1946-லேயே மூடிட்டாங்க. அதாவது, வேலை முடிஞ்சுபோன ஒரு பாதையைத்தான் அவங்க விடுமுறை ரயிலா மாத்தினாங்க.

நம்ம பாதைக்கு வேலை முடிஞ்சுதா?

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம், தென்காசி. இது டூர் லிஸ்ட் இல்லீங்க. என் ஓபி சீட்டுகளில் நான் தினமும் படிக்கிற ஊர்ப் பேர். மாசாமாசம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்க, கீமோவுக்குத் தேதி வாங்கினவங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்றவங்க. முதுகு வலியோட ஒரு பாட்டி தென்காசியிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக்கிட்டு வர்றதும், ரயிலில் காலை நீட்டி உக்காந்து வர்றதும் ஒண்ணு கிடையாது. ரயிலில் கக்கூஸும் இருக்கு. புராஸ்டேட் இருக்கிற தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்வார்.

மேற்கே மலையைத் தாண்டினா கொல்லம், திருவனந்தபுரம். சிகிச்சைக்காக அங்கே போறவங்களும் நம்ம பக்கம் நிறைய. 1904-ல் போட்ட அந்த மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பரில் நின்னுது. அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓடினது 2018 மார்ச்சில். ஏழரை வருஷம்! பாரம்பரியம் பேசுறவங்க கோபப்பட வேண்டியது இந்தத் தாமதத்துக்குத்தான். அகலமா ஆனதுக்கு இல்ல. பதிமூணு கண் பாலம் இன்னைக்கும் அங்கதான் நிக்குது, அதே பாலத்து மேலதான் ரயில் போகுது. போய்ப் பாருங்க.

இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடத்துக்கு வர்றேன்.

2020 டிசம்பரில், ஊட்டி மலை ரயிலைத் தனியார் வாடகைக்கு எடுத்து 3000 ரூபாய் டிக்கெட்டுக்கு ஓட்டினாங்கன்னு ஊரே கொந்தளிச்சுது. நியாயமான கோபம்தான். அதே கொரோனா காலத்தில் பாசஞ்சர் ரயில்களை எல்லாம் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்'னு பேர் மாத்தி, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயை 30 ஆக்கினாங்க. வண்டி அதே வண்டி, வேகமும் அதே வேகம். கொரோனா போயிடுச்சு, அந்த 30 ரூபாய் போகல. மறுபடி 10 ஆனது 2024 பிப்ரவரியில். பயணிகள் சங்கங்கள் மனு மேல மனு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. பதிமூணு கண் பாலம் போட்டோ போடுற நம்ம ஆட்கள் எத்தனை பேர் அதைப் பத்தி ஒரு வரி எழுதினாங்க?

பேட்டையிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ வர்றவங்க கூட ஒரு ஆளோட வந்துட்டுப் போனா, 40 ரூபாய் செலவு அப்போ 120 ஆச்சு. உங்களுக்கு ஒரு காபி. அவங்களுக்கு "அடுத்த மாசம் போய்க்கலாம்". அந்த 'அடுத்த மாசம்' என்கிட்ட வரும்போது கால் புண்ணோட வருது. சில சமயம் விரலை எடுக்க வேண்டியிருக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்கு ரயில் ஏறுறவங்க, தினமும் ஏறுறவங்களோட ரயில் எப்படி இருக்கணும்னு தீர்மானிக்கிறதை என்னால ஏத்துக்க முடியாது.

நீராவி வேணுமா? அதுக்கு மீட்டர் கேஜ் வேணும்னு அவசியமே இல்லை. 1855-ல் செஞ்ச இஐஆர்-21 இன்ஜின் அகலப் பாதை இன்ஜின்தான். பெரம்பூர் பணிமனையில் சரி பண்ணி, சென்னை எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே விசேஷ நாட்களில் ஓட்டுறாங்க. 2019-ல் நாகர்கோவில்–கன்னியாகுமரி வரைக்கும் வந்துட்டுப் போச்சு. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நெல்லை–செங்கோட்டை பாதையில் ஓட்டச் சொல்லி மனு எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடுறேன். ரெண்டாவது வரியா, செங்கோட்டை பாசஞ்சருக்குக் கூட ரெண்டு பெட்டி கேளுங்க. காலை வண்டியில் நின்னுக்கிட்டு வர்றவங்க பாதிப் பேர் நேரா எங்க ஓபிக்குத்தான் வர்றாங்க.