மூன்று போத்தல் மை

சென்ற மாதம் எமது தமையனாரின் மகள், தன் பேரனாருடைய பழைய ஊற்றுப்பேனை ஒன்றை அலுமாரியின் மூலையிற் கண்டெடுத்தாள். குமிழ்முனைப் பேனையினால் எழுதியே பழகிய அவளுக்கு அது பெரும் புதுமையாயிற்று. பேனையை நீரிற் பலமுறை அலசித் துப்புரவாக்கிய பின், மூன்று போத்தல் மை வாங்கிக்கொண்டு எம்மிடம் வந்தாள். ஒன்றிற் கறுப்பு என்றும், மற்றொன்றில் நீலக்கறுப்பு என்றும், இன்னொன்றிற் கழுவத்தகு நீலம் என்றும் எழுதப்பட்டிருந்தது. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே இருளாகவே தோன்றின.

“சித்தப்பா, மூன்றும் கறுப்பாகத்தானே இருக்கின்றன? இவற்றுக்கு ஏன் மூன்று பெயர்?” என்று அவள் வினவினாள்.

போத்தலைப் பார்த்து மையை அறிதல் இயலாது. எழுதிப் பார்த்தல் வேண்டும். ஆகவே ஒரே தாளில், ஒரே பேனையினால், ஒவ்வொரு மையாலும் ஒவ்வொரு வரி எழுதச் செய்தோம். ஒரு மையிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போதெல்லாம் பேனையைக் கழுவவும் மறக்கவில்லை. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ்க் கறுப்பையும் நீலக்கறுப்பையும் பிரித்தறிய முடியவில்லை. மறுநாட் காலை யன்னலருகே வைத்துப் பார்த்தபொழுதே வேற்றுமை புலனாயிற்று. கறுப்பு, மை தேங்கிய எழுத்து முனைகளிற் கரியென நின்றது. மெல்லிய கோடுகளிற் சிறிது ஊதாச் சாயல் காட்டியது. கழுவத்தகு நீலம், உலர்ந்த பின் மாலை வானம்போல் வெளிறியிருந்தது. முதல் நாள் நீலமாயிருந்த நீலக்கறுப்போ, ஓரிரவில் ஆழ்ந்து கறுத்திருந்தது.

அடுத்து ஒற்றுத்தாளை நீளமான கீற்றுகளாக வெட்டி, அடியிலிருந்து ஒரு விரலகலம் மேலே ஒவ்வொரு மையிலும் ஒவ்வொரு துளி இட்டு, அடிமுனையை நீரில் தொடவைத்தோம். நீர் மேலேற ஏற, கறுப்புத் துளி ஊதாவும் நீலமும் மஞ்சளுமாகப் பிரிந்தது. ஊற்றுப்பேனைக்குரிய கறுப்பு மைகளுட் பல, பல சாயங்களின் கூட்டே என்பதை மாணவர் எவரும் இவ்வாறு வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். நீலக்கறுப்புத் துளியில் நீலம் மட்டும் மேலேற, கரிய சாம்பல் நிறம் இட்ட இடத்திலேயே தங்கிவிட்டது.

அவ்வாறு தங்கியது யாது? மாசிக்காயும் அன்னபேதியும் எம்மவரின் நாட்டு மருந்துக் கடைகளிற் பழகிய சரக்குகள். மாசிக்காய் உண்மையிற் காயன்று. ஓக் மரத்திற் குளவியினப் பூச்சி முட்டையிடுவதனால் உண்டாகும் புடைப்பு. அதன் துவர்ப்பிலுள்ள தனினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடினால் மை பிறக்கும். புதிதாக எழுதும்பொழுது அது வெளிறியே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்ட பின்னரே கருமை பெற்றுத் தாளின் நாரிற் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டில் எழுதப்பட்ட மாக்னா காட்டா இவ்வகை மையில் ஆனதே. எழுதும்பொழுதே எழுத்துத் தெரிதல் வேண்டுமென்று பிற்காலத்தார் அதனுடன் நீலச்சாயம் சேர்த்தனர். நீலமாய் எழுதிக் கறுப்பாய் முடிவதாலேயே நீலக்கறுப்பு என்னும் பெயர் வந்தது. 1832இல் இலண்டனில் இத்தகைய மையைச் செய்து புகழ்பெற்ற ஹென்றி ஸ்டீபன்ஸ், கவிஞர் கீற்ஸுடன் ஒரே விடுதியிலிருந்து மருத்துவம் பயின்றவர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இன்று நீலக்கறுப்பு என விற்கப்படுவன யாவும் இரும்பு மையல்ல. பல, அந்நிறத்தைக் காட்டும் வெறுஞ் சாயங்களே. பெயரை நம்பாது நீரிலிட்டுப் பார்த்தலே நன்று. உண்மையான இரும்பு மையிலோ சிறிது அமிலம் உண்டு. அதனைப் பேனையில் நெடுநாள் உலரவிடலாகாது. சித்திரக்காரர் பயன்படுத்தும் அரக்குக் கலந்த இந்தியன் மையை ஊற்றுப்பேனையில் இடவே கூடாது. இட்டால் வழி அடைபட்டுப் பேனை பாழாகும்.

“அப்படியாயின் கழுவத்தகு நீலம் எதற்கு?” என்று அவள் கேட்டாள். அதுவும் நல்ல மையே. சட்டையிற் பட்டாற் கழுவினாற் போய்விடும். பேனைக்கும் தீங்கு செய்யாது. செருமனியிற் பள்ளிப் பிள்ளைகள் அதனால் எழுதி, பிழை நேர்ந்தால் அழிக்கும் பேனையினால் மறைப்பர். அப்பொழுது சாயம் தாளைவிட்டு அகல்வதில்லை. தன் நிறத்தை மட்டும் இழக்கின்றது.

இதனைச் சொல்லும்பொழுது எமக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எமது தந்தையார் உத்தியோகத்தின் பொருட்டு வெளியூரில் இருந்த காலத்தில், அவரும் அன்னையாரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. ஒரு மாரியில் ஓட்டுக்கூரை ஒழுகிப் பெட்டியினுள் நீர் புகுந்ததை நாம் பல நாள் கழித்தே அறிந்தோம். கந்தோர் மையான நீலக்கறுப்பில் தந்தையார் எழுதியவை ஓரம் பழுத்திருந்தும், எழுத்தெல்லாம் வாசிக்கக் கூடியனவாகவே இருந்தன. அன்னையார் எழுதியது எமது பாடசாலைப் பையிலிருந்த கழுவத்தகு நீலத்தினால். அவருடைய தாள்களில் நீல மேகங்களன்றி வேறொன்றும் இல்லை.

அவற்றிற் பெரிய செய்திகள் இருந்தனவல்ல. அரிசி விலை, பிள்ளையின் காய்ச்சல், கிணற்றில் நீர் வற்றியமை, அடுத்த விடுமுறை எப்போது என்னும் கேள்வி, இவைதாம். எழுதும்பொழுது அவை காக்கத்தக்கவை என்று எவரும் எண்ணவில்லை. இன்று அன்னையாரின் கையெழுத்தில் ஒரு வரியேனும் எம்மிடம் இல்லை.

ஆகையால் நேயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கணக்குப் பயிலவும் பாடக் குறிப்பு எழுதவும் எம்மை வேண்டுமாயினும் கொள்ளுங்கள். கடிதத்திற்கும், நாட்குறிப்பிற்கும், பிள்ளை பிறந்த நேரத்தைக் குறிக்கும் ஏட்டிற்கும் நீரை வெல்லும் மையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எமது பெறாமகள் இப்பொழுது தன் பேரனாரின் பேனையில் நீலக்கறுப்பை நிரப்பி வைத்திருக்கின்றாள். ஞாயிறு மாலைகளில் எம்மருகே அமர்ந்து, அக்கடிதங்களில் இருந்தனவாக எமக்கு நினைவிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவருகின்றாள். இதுவரை நான்கு பக்கங்கள் ஆகியுள்ளன.