முகவரி மாறலாமா?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

என் விடுதி நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்பினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையிலிருந்து இணைய முகவரியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு போனார். திரையில் கிடைத்த விடை ‘404’. பக்கம் இல்லை! தளத்தைப் புதுப்பித்தவர்கள் முகவரிகளையும் மாற்றிவிட்டிருந்தார்கள். புதிய முகவரியைக் கண்டுபிடிப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. நாளை இதே வேலைக்குப் போகப்போகிறவர்கள் நாம்; அதனால்தான் எழுதுகிறேன்.

முகவரியைத் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது? டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலைத் திட்டத்தை முன்மொழிந்தார். தொடக்க காலத் தளங்களில் முகவரி என்பது பெரும்பாலும் கோப்பு இருக்கும் இடமே. கோப்பை நகர்த்தினால் முகவரியும் மாறிவிடும். 2004-இல் வெளிவந்த ரெயில்ஸ், 2005-இல் வெளிவந்த ஜாங்கோ போன்ற கட்டமைப்புகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு வழிப்பட்டியல் உண்டு. இன்ன முகவரி வந்தால் இன்ன நிரல் பதில் சொல்லட்டும் என்று அதில் எழுதி வைக்கிறோம். ஜாங்கோ அதை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்கிறது. ‘மாணவர்/ஏதேனும் ஒரு பெயர்’ என்ற வரி மேலேயும் ‘மாணவர்/புதியவர்’ என்ற வரி கீழேயும் இருந்தால், ‘புதியவர்’ என்பதும் ஒரு மாணவரின் பெயராகிவிடும்! எதுவுமே பொருந்தாவிட்டால்தான் 404.

எல்லாவற்றுக்கும் நிரல் தேவையா? தேவையில்லை. நம் கல்லூரி அலுவலகத்தையே பாருங்கள். அச்சிட்ட விண்ணப்பத்தாளைக் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். மாற்றுச் சான்றிதழுக்கோ பதிவேட்டைப் புரட்டி எழுத வேண்டும். முதல்வர் கையொப்பமிட வேண்டும். படம், எழுத்துரு, பக்க அலங்காரக் கோப்பு ஆகியவை அச்சிட்ட தாள் போன்றவை. கேட்பவர் யாரானாலும் அவை மாறுவதில்லை. என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் முன்னால் நின்று அவற்றை நேரே கொடுத்துவிடும். மற்றவற்றை மட்டும் நிரலுக்கு அனுப்பும். இதை அறியாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. என் செயல்திட்டத்தில் ஜாங்கோவின் பிழை காட்டும் நிலையை அணைத்ததும், பக்கம் நிறமும் வடிவும் இழந்து வெறும் எழுத்தாய் நின்றது. அந்த நிலை அணைந்தால் ஜாங்கோ அலங்காரக் கோப்புகளைத் தானாகத் தருவதில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். வழிப்பட்டியல் வந்தபின் முகவரிக்கும் கோப்புக்கும் இருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே முகவரியை அப்படியே காக்கலாம். மாற்றியே ஆகவேண்டுமா? பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்ப ஒரு வரி எழுதினால் போதும். ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்பதற்கு 301 என்ற எண்ணே இருக்கிறது. ஒரு வரி எழுதும் சோம்பலுக்கு ஓர் ஏழை மாணவரின் ஓராண்டு உதவித்தொகையா விலை?

“தேடுபொறி இருக்கிறதே!” என்று சிலர் சொல்லலாம். தேடத் தெரிந்தவருக்கு அது சரி. ஆனால் அச்சான சுற்றறிக்கையை, நூலின் அடிக்குறிப்பை, நோட்டில் எழுதிய வரியை எந்தத் தேடுபொறி வந்து திருத்தும்? நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் கற்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செயல்திட்டத்தை மதிப்பிடும்போது “புதிதாக என்ன செய்தாய்?” என்று கேட்கிறீர்கள். “பழைய முகவரி இன்னும் வேலை செய்கிறதா?” என்றும் கேளுங்கள். நண்பர்களே, முகவரி என்பது நாம் முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. அவர் தாளில் எழுதிக்கொண்டு வெகு தூரத்திலிருந்து வருவார். அவர் வரும்போது கதவு அதே இடத்தில் இருக்கட்டும்.