கிணற்றடிக்கு வரவேண்டிய வெயில்

இலங்கையில் மின்னிணைப்பு இல்லாத வீடு இன்று அரிது. எல்லோருக்கும் கரண்ட் கிடைத்துவிட்டது என்று அதை வைத்து அரசு கணக்கை முடிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் அந்தக் கணக்கு பாதியிலேயே நிற்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வெங்காயமும் வாழையும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரிலேயே விளைகின்றன. துலா மிதித்து இறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் மெசின் வந்தது; போர்க்காலத்தில் அந்த எண்ணெய்க்கும் தடை விழுந்தது. போர் முடிந்து தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்த பிறகும் நிம்மதி நிலைக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. வாடும் பாத்திக்குத் தண்ணீர் விடவேண்டிய வேளையில், கட்டுப்படியான விலையில் சக்தி கிடைத்தால்தான் கமக்காரருக்கு அது மின்சார வசதி.

அந்தச் சக்தியை வெயிலிலிருந்து எடுப்பதற்கு இந்த மண் மிகவும் பொருத்தமானது. மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறையும்; அப்போது இறைப்பும் குறைவு. வெயில் எரிக்கும் மாதங்களில்தான் கிணற்றடியில் மெசின் ஓயாது. நண்பகலில் ஏறும் மின்சாரத்தால் நீரைத் தொட்டியில் நிரப்பி, வெயில் தாழ்ந்தபின் வாய்க்காலில் திறந்துவிடலாம். எண்ணெயை நம்பியதன் விலையும் இங்கே தெரிந்ததுதான். சில கிலோமீற்றர் தள்ளியுள்ள சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் எண்ணெய் ஊர்க் கிணறுகளில் கலந்தது; 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. குடாநாட்டில் கிணறு கெட்டால் போக்கிடம் கிடையாது.

இதே காரணத்தால் எழும் ஆட்சேபம் ஒன்று கனமானது. செலவில்லாத சக்தி கையில் இருந்தால் ஆளாளுக்கு நாள் முழுக்க இறைப்பார்கள். சுண்ணக்கல்லுக்குள், உவர் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் நன்னீர் வற்றி, கிணறுகள் உவராகிவிடும் என்கிறார்கள். அது நியாயமான அச்சம். வெறும் பனலையும் பம்பையும் மானியத்தில் கொடுத்துவிட்டுப் போகும் திட்டத்தை நானும் எதிர்ப்பேன். குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016இல் 6 விவசாயிகள் தொடங்கிய சூரிய மின் கூட்டுறவு இதற்கு ஒரு வழி காட்டியது. இறைப்புக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின் நிறுவனம் விலைக்கு வாங்கியது. வீணாக இறைத்தால் வருமானம் போகும் என்பதால் நீரை மிச்சம் பிடிப்பதில் விவசாயிக்கு அக்கறை பிறந்தது. அதற்குத் துணைநின்ற சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் நம் பத்தரமுல்லையில்தான் இருக்கிறது. அந்த அறிவைப் பெற நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

பகல் மின்சாரம் ஏற்கெனவே மிதமிஞ்சிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் பனல்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆனால் இறைப்பு அந்தப் பகல் மிச்சத்தை அதே இடத்தில் உண்டுவிடும். இறைப்பில்லாத நாளில் மிஞ்சுவதை பற்றரியில் சேர்த்து, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச வேளையில் விற்கக் கூடுதல் விலை வேண்டும். மன்னாரிலும் பூநகரியிலும் பெரிய காற்றாலைகள் வரும்வரை பொறுக்கலாம் என்பதும் சரிவராது. அங்கு வரவிருந்த 484 மெகாவாற் அதானி திட்டம் ஆண்டுக்கணக்கான பேச்சுக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. சில பரப்புக் காணி வைத்திருப்பவர் பனலுக்கும் பற்றரிக்கும் ஆகும் செலவைத் தனியே தாங்கமாட்டார். அயல் தோட்டக்காரர் சேர்ந்து ஒரு பனல் தொகுதியும் ஒரு பற்றரியும் வைக்க, கமநல சேவை நிலையம் வழியாகக் குறைந்த வட்டிக் கடன் வரவேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து பதிவதை அந்தக் கடனின் முதல் நிபந்தனையாக வைக்கலாம்.