பழி மனைவிக்கு மட்டும்தானா?

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால் நமது குடும்பங்களில் முதல் குற்றவாளி மனைவிதான். ஊசிகளையும் ஸ்கேன்களையும் அவளே தாங்குகிறாள். மறுபக்கம் மாமியார் மறுமணப் பேச்சைத் தொடங்கி விடுகிறார். கணவரோ கல்லாவை விட்டு எழுவதில்லை!

மருத்துவம் சொல்வது என்ன? குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணம். விந்துப் பரிசோதனை எளிது; செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி உயிரணுக்களும், அவற்றில் 42 சதவீதத்திற்கு அசைவும் இருப்பது கீழ்வரம்பு. இதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளல்ல. மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள்.

'சோதனைக் குழாய் முறைதான் வந்து விட்டதே, ஓர் உயிரணு போதுமே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். உயிரணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் 'இக்ஸி' முறையில் பிறந்த முதல் குழந்தைகளை 1992-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தனர். எண்ணிக்கைக் குறையை இது ஈடுகட்டும். ஆனால் உயிரணுவின் மரபுப்பொருளே சிதைந்திருந்தால்? ஊசி அதைச் சரிசெய்யாது. முட்டை ஓரளவு பழுது பார்க்கும். பெண்ணின் வயது கூடக் கூட அத்திறனும் குறையும். கருவளர்ச்சி தடைபடலாம், கருச்சிதைவு வாய்ப்பும் கூடுகிறது. வேதனை மறுபடியும் அவளுக்கே!

சிகிச்சையின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது மனைவியின் வயது. அப்படியானால் கணவர் தயங்கிக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் யார் கணக்கில் நட்டம்?

இளைஞர்களே! புகைப்பழக்கமும், உலை அடுப்பருகே நாள்தோறும் படும் கடும் வெப்பமும், உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக் கொள்ளும் ஆண் ஹார்மோன் ஊசியும் உயிரணுவைப் பாதிக்கின்றன. உயிரணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகவே இன்று சிகரெட்டை விட்டால் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். சிகிச்சைக்குப் பணம் கட்டிய பிறகல்ல, அதற்கு முன்பே திருந்த வேண்டும்.

வணிகப் பெருமக்களே! நட்டம் வந்தால் இரு பக்கக் கணக்கையும் பார்ப்பவர்கள் நீங்கள். இங்கே மட்டும் ஒரு பக்கத்தை மூடி வைப்பது என்ன நியாயம்? மனைவியைப் பரிசோதனைக்கு அனுப்பும் நாளிலேயே கணவரும் செல்லட்டும். அதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெண் மீது வீண்பழி சுமத்துவதே மானக்கேடு!