இங்கிலாந்து இட்டேரியில்



செப்டம்பர் நடுவில் பத்து நாள் நான் ஊரில் இல்லை. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில் குடியிருக்கும் கல்லூரி நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கிய மறுநாளே, "அரண்மனை, மியூசியம் எல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது. வெயில் இருக்கும்போதே சைக்கிளை எடு" என்றான். கியர் சைக்கிள் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்த பழக்கம். தயங்கினேன். "இங்கே என்னடா மலை? சர்ரே மாவட்டத்திலேயே உயரமான இடம் லீத் ஹில். அதுவே 294 மீட்டர்தான்" என்று தைரியம் கொடுத்தான். 294 மீட்டர்தானே என்று நானும் கிளம்பிவிட்டேன். அந்தத் 'தானே'வுக்கு அன்று சாயங்காலம் வரை என் முழங்கால்கள் வட்டி கட்டின.

டார்கிங் ரயில் நிலையத்தில் தொடங்கி முதலில் ஏறியது பாக்ஸ் ஹில் என்னும் சுண்ணாம்புக் குன்று. மேலே போகும் சாலைக்குப் பெயரே ஜிக்ஜாக் ரோடு. சுமார் 2.5 கி.மீ. நீளம், சராசரியாக 5 சதவீத ஏற்றம். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் மேலே வந்திருப்போம். கியரைக் குறைத்து வைத்துக்கொண்டால் பேசிக்கொண்டே ஏறலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயம் இந்த வழியாகத்தான் போனது. ஆண்கள் இதை 9 முறை சுற்றினார்கள், பெண்களுக்கு 2 சுற்றுதான். கொட்டும் மழையில் நடந்த பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் மரியானே வோஸ் தங்கம் வென்றார். ஏன் பெண்களுக்கு மட்டும் 2 என்று கேட்டேன். நண்பன் உதட்டைப் பிதுக்கினான்.

இதே குன்றில் ஒரு பழைய கல் நட்டிருக்கிறார்கள். லபெலியர் என்ற ராணுவ அதிகாரியை 1800-இல் இங்கே தலைகீழாகப் புதைத்தார்களாம். அவருடைய விருப்பமே அதுதான். உலகம் தலைகீழாகக் கிடக்கிறது, கடைசி நாளில் அது புரளும்போது தான் ஒருவன் மட்டும் நேராக நிற்கலாம் என்பது அவருடைய கணக்கு. மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

பிறகுதான் நண்பன் வரைபடத்தை விரித்தான். காகித வரைபடம். ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடுவது. செங்குத்தான சாலைகளின் மேல் அதில் சின்ன அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஒற்றை அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு என்றால் 20-க்கும் மேலே. அம்பு எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிற்கும். கீழேயிருந்து வருகிறவன் மார்பை நோக்கி என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

இந்தப் பகுதியின் சூட்சுமத்தையும் அப்போதுதான் சொன்னான். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே நிலம் கவிழ்த்த கூடை போல மேலெழும்பியது. கூடையின் நடு மேட்டை மழையும் ஆறுகளும் கரைத்துக்கொண்டு போய்விட்டன. கெட்டியான சுண்ணாம்பும் மணற்கல்லும் கரையாமல், கிழக்கு மேற்காக ஓடும் பெரிய வரப்புகள் போல நின்றுவிட்டன. நடுவில் இருந்த களிமண் பள்ளமானது. வடக்கே சுண்ணாம்பு வரப்பு, ஒரு பள்ளம், மணற்கல் வரப்பு, மறுபடியும் பள்ளம். வரப்போடு போகிறவனுக்குக் கால் பிழைத்தது. வடக்கு தெற்காக வரப்பைத் தாண்டுகிறவன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மாலைக்குள் ஒரு நிஜ மலையே ஏறி முடித்திருப்பான். அன்று நாங்கள் ஓட்டியது 60 கி.மீ. ஏறியதை மட்டும் கூட்டிப் பார்த்தால் 900 மீட்டருக்கு மேலே என்று நண்பனின் கைபேசி காட்டியது. அத்தனையும் 294 மீட்டரைத் தாண்டாத குன்றுகளில்!

ஆனால் என் மனசில் நிற்பது உயரக் கணக்கு அல்ல, டார்கிங்கிலிருந்து கோல்டுஹார்பர் கிராமத்துக்கு ஏறும் அந்தச் சின்னச் சாலை. கொங்குப் பக்கத்து வாசகர்களுக்கு இட்டேரி என்றால் விளக்க வேண்டாம். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் தடம். இங்கே அந்தத் தடம் பூமிக்குள் இறங்கிக் கிடக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் மணற்கல்லைத் தேய்க்க, மழை அதை அரித்துக்கொண்டு போக, சாலை தானாகவே வாய்க்கால் போல ஆழமாகிவிட்டது. இரண்டு பக்கமும் என் தலைக்கு மேலே கரை. கரையிலிருந்து மரவேர்கள் வெளியே வந்து, பாசி பிடித்து, கயிறு போலத் தொங்குகின்றன. மேலே கிளைகள் கோத்துக்கொண்டதால் பட்டப்பகலில் அரையிருட்டு. செயின் சத்தமும் என் மூச்சும் தவிர வேறு சத்தமே இல்லை. பந்தயக்காரர்கள் பாக்ஸ் ஹில்லைப் பெருமையாகச் சொல்லட்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சாலைக்காகவே டார்கிங் போகலாம்.

இத்தகைய கிராமச் சாலைகளில் பலவற்றில் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை ஓட்டலாம் என்பதுதான் நம்ப முடியாத விஷயம். ஆனால் எங்கள் பின்னால் வந்த ஒரு வேன், முந்த இடம் கிடைக்கும் வரை ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தே வந்தது. சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்று 2022-இல் அங்கே சாலை விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சாலையின் மொத்த அகலத்தில் ஒன்றரை மீட்டர் எங்கே மிச்சம் இருக்கும்?

லீத் ஹில் உச்சியில் ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765-இல் கட்டிய கோபுரம் இருக்கிறது. குன்று ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு, கோபுரத்தின் உச்சி ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அவரும் கோபுரத்துக்கு அடியில்தான் புதைந்திருக்கிறார், ஆனால் தலைகீழாக அல்ல. அங்கே டீயும் கேக்கும் விற்கிறார்கள். டீ சுமார், கேக் பிரமாதம்.

தெற்கே களிமண் பள்ளத்தில் இறங்கி ஃபாரஸ்ட் கிரீன் தாண்டியதும் என் பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. நண்பன் அசரவில்லை. "செப்டம்பர் இல்லையா, முள் சீசன்" என்றான். குருவிகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய விவசாய நிலத்து உயிர்வேலிகளை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரோடு இறங்கிவிடுகிறார்கள். வெட்டிய ஹாதார்ன் முள் சாலையெங்கும் சிதறுகிறது. புது டியூபை மாட்டும் முன் அவன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவினான். நெல் அளவுகூட இல்லாத ஒரு முள் முனை. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அடுத்த டியூபும் போயிருக்கும். குருவிகளுக்காக இந்தச் சின்னத் தண்டனையை ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று சமதளத்தில் ரிப்ளி பக்கம் போனோம். 1880-களிலும் 90-களிலும் லண்டன் சைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்த ஊர் இது. பக்கத்து ஊரான ஓக்கமில் 'ஹோட்போய்' என்ற விடுதிக்கு 1898 அக்டோபரில் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் வந்து இறங்கினார். பாவாடைக்குப் பதில் தொளதொளப்பான கால்சட்டை போட்டிருந்தார். அந்த உடையோடு காபி அறைக்குள் விட முடியாது என்று விடுதிக்கார அம்மாள் மறுத்து, ஆண்கள் புகைபிடித்துக்கொண்டிருந்த பார் பக்கம் கைகாட்டினார். சீமாட்டி உறுப்பினராக இருந்த சைக்கிள் பயணிகள் சங்கம் (1878-இல் தொடங்கியது, இன்றும் வேறு பெயரில் இருக்கிறது) வழக்குப் போட்டது. 1899-இல் தீர்ப்பு வந்தது. விடுதிக்கார அம்மாள் மேல் குற்றமில்லை! வழக்கு தோற்றாலும் பத்திரிகைகள் இதை விடாமல் எழுதியதால் அந்தக் கால்சட்டை ஊரெல்லாம் பேச்சானது.

அன்றைக்கு எங்களைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் பெண்கள். அதில் இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கலாம் என்று முயன்றதைப் பற்றி எழுதப் போவதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் நம் இதழில் சைக்கிள் வழிகளுக்கு என்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். லாரி வராத, உங்களுக்குப் பிடித்த ஒரு கிளைச்சாலையைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எங்கே ஏற்றம், எங்கே நிழல், எங்கே பஞ்சர் கடை, எங்கே நல்ல டீ என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். மாதக் கடைசிக்குள் வந்து சேரவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்