திருவக்கரைக் காளியும் உயிர்ப்பலியும்

தொண்டை நாட்டுத் தேவாரத் திருப்பதிகளுள் ஒன்றாய், விழுப்புரம் மாவட்டத்திலே சங்கராபரணி ஆற்றின் கரையில் விளங்குவது திருவக்கரை. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரது திருப்பதிகம் பெற்ற இத்தலத்தில் இறைவன் மும்முக இலிங்கத் திருமேனியராய், சந்திரமௌலீசுவரர் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கின்றார். ஆயினும், பௌர்ணமிதோறும் இவ்வூரை நாடி வரும் பெருங்கூட்டம் முதற்கண் தேடிச் செல்வது வக்கிரகாளியம்மை சந்நிதியையே. அவ்வம்மையின் வரலாற்றிலே சைவ உலகம் ஆழ்ந்து நோக்கற்குரிய ஒரு பொருள் உண்டு. கோயில் வாயிலில் உயிர்ப்பலி இடலாமோ என்னும் வழக்கிற்கு அதுவே தீர்ப்பாய் அமைந்துள்ளது.

வக்கிராசுரன் என்பான் தவவலியால் வரம் பெற்று, தேவரையும் மக்களையும் நலிந்தான். அவனைத் திருமால் தம் சக்கரத்தால் அழித்தனர். அவன் தங்கை துன்முகியும் தமையனை ஒத்த கொடியளாதலின், அவளை அழித்தற்குக் காளி எழுந்தாள். அவ்வமயம் துன்முகி கருவுற்றிருந்தாள். அம்மை அக்கருவை எடுத்துத் தன் செவியிற் குண்டலமாக அணிந்துகொண்டு, அதன் பின்னரே துன்முகியை வதைத்தாள் என்பது தல வரலாறு.

இவ்வரலாற்றைக் காளியின் சினத்திற்குச் சான்றாகச் சொல்வாரே பலர். உண்மையில் இது சினத்திற்கு இடப்பட்ட வரம்பைக் காட்டுவது. கொல்லப்படுபவள் அசுரப் பெண், கொல்பவள் காளி, நிகழுமிடம் போர்க்களம். அந்நிலையிலும், குற்றமற்ற ஓருயிரின்மேல் வாள் படலாகாது என்று அம்மை நின்று நிதானித்தாள். தாயின் பழி சேயைப் பற்றாது என்பது அவள் கண்ட நீதி. அசுரன் குலத்துக் கருவுக்கே காதணி என்னும் உயர்ந்த இடத்தைக் கொடுத்தவள், புல்லையும் தழையையுமன்றி வேறொன்றறியாத ஆட்டுக்கிடாயின் கழுத்தையோ வேண்டி நிற்பாள்?

திருவக்கரையை ஈண்டு எடுத்தது, அவ்வூரின்மேற் குற்றஞ் சுமத்தற்கன்று. காளியின் பெயராலும் அம்மன் பெயராலும் தமிழ்நாட்டிற் பலவிடங்களிற் செய்யப்படுவதனைக் காளியின் வரலாறே மறுத்து நிற்றலைக் காட்டுதற்கேயாம். தென்மாவட்டச் சிறுகோயில்கள் சிலவற்றில், நிறைசூல் கொண்ட ஆட்டைக் குத்தி, அதன் கருவை வெளியே எடுத்துப் பலியாக வைக்கும் வழக்கத்தை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் எழுதிவைத்திருக்கின்றனர். சூலாடு குத்துதல் என்பது அதன் பெயர். கருவைக் காத்து அணியாகப் பூண்டவள் ஒருத்தி. கருவைக் கிழித்து அவளினத்துத் தெய்வங்கட்கே படைப்பவர் ஒருசாரார். இவ்விரண்டும் ஒரே வழிபாடு என்று எவ்வாறு கூறுவது? இன்னும், மகாசிவராத்திரிக்கு மறுநாளாகிய மாசி அமாவாசையில் வடமாவட்டங்களில் நிகழும் மயானக்கொள்ளைத் திருவிழாவிற் சிலவிடங்களிலே, ஆவேசங்கொண்டோர் உயிருள்ள கோழியைப் பல்லாற் கடித்துக் குருதி சிந்தச் செய்கின்றனர். முதனாள் இரவு நான்கு யாமமும் கண்விழித்து ஐந்தெழுத்தோதிய சைவர், மறுநாள் அவ்வலறல் செவியில் விழவும் தம் வழியே போகின்றனர்.

கேட்டால் அவர் கூறும் விடை ஒன்றுண்டு: "அது சிறுதெய்வ வழிபாடு, சைவத்தைச் சார்ந்ததன்று, அதில் நமக்கென்ன?" என்பதே அது. இவ்விடை சித்தாந்தம் அறிந்தார் வாயில் வரத்தக்கதன்று. எந்தத் தெய்வத்தை ஒருவர் வழிபட்டாலும், அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் அம்மையொருபாகனாகிய சிவபெருமானே என்பது சிவஞான சித்தியார் சுபக்கம் நாட்டும் முடிபு. அம்முடிபு உண்மையாயின், ஊர்ப்புறத்துப் பீடத்தின்முன் சிந்தும் குருதியும் சிவன் திருமுன்னேயே சிந்துகின்றது. பொங்கலை ஏற்கும்போது சிவன் அங்கே இருக்கின்றான், கிடாயை வெட்டும்போது இல்லை என்பது எந்த அளவையால் நிலைபெறும்?

இனி, சித்தாந்தத்தின் பெயராலேயே பலிக்குச் சார்பாகக் கூறப்படும் தடைகளை ஆராய்வாம் எனின், அவற்றுள் முதலாவது வினை பற்றியது. "அவ்வுயிர் தன் பழவினையை நுகர்ந்து கழிக்கின்றது, தெய்வ சந்நிதியில் இறத்தலால் நற்பிறப்பும் எய்தும்" என்பர். வெட்டுண்ணும் உயிர்க்கு அது பிராரத்த நுகர்ச்சியாகலாம். வெட்டுவோனுக்கு அது புதிதாக ஏறும் ஆகாமியமே. பிறனுடைய வினை கழிகின்றது என்பது ஒருவன் செய்யுங் கொடுமைக்குப் போக்காகுமாயின், வழிப்பறிக்காரனும் கொலைஞனும் அதே போக்கைச் சொல்லித் தப்புவர். மேலும், தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்குக் கூட்டுவது, அவை மலபரிபாகமுற்று வீடெய்தற்பொருட்டு. அவன் கொடுத்த உடம்பை இடையிற் பறிப்பது அவன் செய்துவரும் ஐந்தொழிலில் கைபுகுத்தலன்றோ? உயிர்க்குப் பசு என்றே பெயரிட்ட சமயம் சைவம். மனிதனும் ஆடும் அச்சொல்லுள் ஒருங்கே அடங்குவர். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களிற் பிறந்திறந்து வந்தவன், தான் கடந்துவந்த வழியில் பின்னே வருவோரை வெட்டுவது என்ன முறை? நற்பிறப்பு அத்துணை எளிதிற் கிட்டுமாயின், அதனைப் பலியிடுவோர் முதலில் தமக்கே வேண்டியிருப்பர்.

இரண்டாவது தடை, கண்ணப்ப நாயனார் இறைவனுக்கு ஊன் படைத்தாரல்லரோ என்பது. படைத்தார், ஆனால் எதற்காகப் படைத்தார் என்பதையும் உடன் நோக்கல் வேண்டும். பிள்ளை பிறக்கவும் வழக்கு வெல்லவும் நேர்ந்துகொண்டு படைத்தவரல்லர் அவர். வேட்டுவராய்ப் பிறந்து, தாம் உண்ணும் உணவினுஞ் சிறந்தது பிறிதின்மையின் அதனையே கொணர்ந்தார். அன்பு முற்றிய வேளையில் இறைவன் கண்ணிற் குருதி பெருகியபோது, காட்டில் விலங்குகட்குக் குறைவில்லாதிருந்தும், அவர் இடந்து அப்பியது தம் கண்ணை. மறுகண்ணிலும் குருதி பெருக, தமக்கு எஞ்சிய கண்ணையும் இடக்கத் துணிந்தார். கண்ணப்பரைச் சான்று காட்டுவோர் அவ்வரலாற்றின் முடிவையும் ஒப்புக்கொள்ளுதல் கடன். தன்னைக் கொடுப்பது பலி. பிறிதோருயிரைக் கொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்வது வாணிகம். சிவாலயத்துப் பலிபீடத்தின்முன் வீழ்ந்து வணங்குவோன் தன் ஆணவத்தை ஆங்குப் பலியிடுகின்றான் என்று பெரியோர் பொருள் விரித்ததும் இதுபற்றியே.

மூன்றாவது தடை, "நாடோறும் இறைச்சிக் கூடங்களில் எண்ணிறந்த உயிர்கள் மாய்கின்றன, கோயிலில் மாயும் சிலவற்றின்பொருட்டு இத்துணைக் கூக்குரல் எதற்கு?" என்பது. இறைச்சிக் கூடத்தில் நிகழ்வதும் கொலையே, அதனை இல்லையென்பாரில்லை. ஆயினும், ஆங்குள்ளவன் தன் தொழிலைப் பூசை என்று சொல்லுவதில்லை. அப்பழியைக் கடவுள் தலையில் ஏற்றுவதுமில்லை. கோயிலிற் செய்யுங் கொலை உயிரைக் கொல்வதோடு சமயத்தையும் கறைப்படுத்துகின்றது. ஆதலின் சமயத்தார் முதலிற் போக்கவேண்டுவது இதுவேயாகும்.

அரசினர் இதுபற்றிச் செய்தவற்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். சென்னை மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டு, விலங்குகளையும் பறவைகளையும் கோயில்களிற் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அது நெடுங்காலம் ஏட்டளவில் உறங்கியது. 2003-இல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு அரசு ஆணையிட்டது. சிற்றூர்களில் எதிர்ப்பு மூண்டது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. மத்திய அரசின் சட்டமோ வேறு வகையது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த மசோதாவின் பயனாகப் பின்னர் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எழுந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கு அவ்வம்மையாரே முதல் தலைவரானார். விலங்கை அடித்தல், அளவுக்கு மேற் சுமையேற்றல், பட்டினியிடல் முதலியவற்றையெல்லாம் குற்றமாக்கிய அச்சட்டம், தன் 28-ஆம் பிரிவிலே ஒரு விலக்கு வைத்துள்ளது. ஒரு சமூகத்தாரின் மதம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது அச்சட்டத்தின்படி குற்றமாகாது என்பதே அவ்விலக்கு.

இப்பிரிவின் பொருள் யாது? மதம் வேண்டுகின்றதோ இல்லையோ என்னும் வினாவை அச்சட்டம் மதத்தார்முன் வைத்துவிட்டது என்பதே. அவ்வினாவிற்கு விடை கூறற்குரியோர் யாவர்? திருமடங்களில் ஞானநூல் ஓதுவோரும், சைவ சபைகளில் சொற்பொழிவாற்றுவோரும், ஆகமவழிப் பூசை புரியும் ஆசாரியருமே. "வேண்டவில்லை" என்று அவர் ஒருமுகமாய், ஊர்தோறும் சென்று, ஆதாரங்காட்டிக் கூறியிருப்பாராயின், 2003-இல் காவலரைக் கொண்டு செய்ய முயன்றதனைச் சொல்லைக் கொண்டே பெரிதும் செய்து முடித்திருக்கலாம். ஓதுபவன் ஊமையானபின் காவலன் கைத்தடி என் செய்யும்? வாய் திறவாத சமயம் பலியை வேண்டும் சமயமாகவே எண்ணப்படும்.

இம்மௌனத்திற்கு முன்னோர் வழிகாட்டவில்லை. திருமூல நாயனார் திருமந்திரத்து முதற்றந்திரத்திலே கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தம் ஊராரின் வெறுப்பையும் பொருட்படுத்தாது கோயிற்பலியைக் கண்டித்தார். வடலூர் இராமலிங்க அடிகள் சிறுதெய்வக் கோயில்களில் நிகழும் பலியைக் கண்டும் கேட்டும் உளம் நடுங்கினார். அதனோடமையாது 1867-இல் தருமசாலையை நிறுவி, பசித்தார்க்குச் சோறிட்டார். இவ்விரண்டனையும் அவர் ஒருங்கே செய்தமை கருதத்தக்கது. கோயிற்கிடாய் என்பது ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டிற்கொருமுறை கிடைக்கும் விருந்துமாம். அதனைத் தடுக்கப் புகுவோன் அவ்விலையில் வேறு உணவிட ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஊனுண்பாரை இழிந்தோரென ஒதுக்கிவிட்டு, அவர் தெய்வத்திற்கு மட்டும் அறிவுரை கூறச் செல்வோன் சொல் எவர் செவியிலும் ஏறாது. 2003-இல் எழுந்த எதிர்ப்பில், ஆட்டின்மேல் வைத்த அருள் மனிதர்மேல் இல்லை என்னும் மனக்குறையும் கலந்திருந்தது. அக்குறையை முற்றும் பொய்யென்று சைவர் தள்ளிவிட இயலாது.

அன்றியும், பிறர் முற்றத்தைப் பெருக்கச் செல்வோர் தம் வீட்டையும் நோக்குக. புலாலுணவைத் தொடாமையொன்றே சைவம் என்று எண்ணுவோர், திருமஞ்சனத்திற்குக் குடங்குடமாய் வரும் பால் எவ்வாறு வந்தது என்று வினவுவதில்லை. கன்றைத் தாயினின்றும் பிரித்ததும், இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துக் காட்டி மடி சுரப்பித்ததும், ஆண்கன்றையும் பால்வற்றிய பசுவையும் கொலைக்கு விற்றதும் அப்பாலின் பின்னே நிற்கக்கூடும். கோயில் யானைகளின் நிலையும் அத்தகையதே. அவற்றின் நலம் பேணற்கென்று 2003 முதல் நடைபெற்று வந்த புத்துணர்வு முகாமிலேயே, 2021-இல் ஒரு யானை பாகராற் கட்டிவைத்து அடிக்கப்பட்ட காட்சியை நாடெங்கும் கண்டது. அடிபட்ட யானையின் துதிக்கையால் ஆசி பெறுவதில் என்ன புண்ணியம் உண்டு?

செய்யத்தக்கது யாதென்பதற்குச் சைவம் வெளியே வழி தேடவேண்டுவதில்லை. சிவாலயந்தோறும் கோமுகையின் அருகே வீற்றிருக்கும் சண்டேசுர நாயனார் வரலாறே போதும். சேய்ஞலூரிலே இடையன் ஒருவன் ஆவைக் கோலால் அடித்தான். கண்ட சிறுவர் விசாரசருமர் அவனைத் தடுத்தார். ஆனால் தடுத்ததோடு வீடு திரும்பினாரல்லர். ஆவின் பெருமையை அவனுக்கு எடுத்தோதி, மேய்க்குந் தொழிலைத் தாமே ஏற்று, மண்ணியாற்றங்கரையில் ஆநிரையைப் பேணினார். அவ்வன்பில் ஆக்கள் தாமே பால் சொரிந்தன. அப்பாலே சிவனுக்குத் திருமஞ்சனமாயிற்று. தடுத்தல், ஓதுதல், சுமையைத் தான் ஏற்றல் என்னும் மூன்றும் அவ்வரலாற்றில் உள. இந்நாட் சைவர் முதலதனைச் சட்டத்திற்கு விட்டனர், இடையதனை மறந்தனர், கடையதனை எண்ணவுமில்லை.

ஆதலின், ஆடித் திங்களில் அம்மன் திருவிழா நிகழும் ஊர்தோறும் சைவ சபையார் முன்னரே சென்று ஊர்ப்பெரியோரோடு உடனமர்ந்து பேசுக. கிடாய்க்கு ஈடாய்ப் பூசணி உடைத்தலையும், பொங்கலையும், மாவிளக்கையும் எடுத்துரைத்து, அன்று ஊரனைத்திற்கும் தம் செலவில் சோறிடுக. திருமடங்கள், பலி சமயத்திற்கு வேண்டப்படுவதன்று என்னும் முடிபைத் தம் பெயரால் வெளிப்படையாக அறிவிக்க. திருவக்கரையிற் பௌர்ணமி நள்ளிரவில் சோதி காணத் திரளும் மக்களுக்கு, அம்மையின் செவியிலே விளங்கும் குண்டலத்தின் பொருளை ஒருவரேனும் நின்று சொல்லுக. அசுரக் குழவியைத் தன் செவியோடு சேர்த்தணைத்த தாய்க்கு வாய்பேசா உயிரின் ஓலமும் கேளாதொழியாது. அது சைவர் செவியிலும் ஏறுமாறு சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.